இரைப்பைக் கிருமியும் புற்றுநோயும்

புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றும் நோயன்று. சுகாதாரக் கூட்டங்களிலும் வகுப்பறைகளிலும் இவ்வுண்மை திரும்பத் திரும்ப எடுத்துரைக்கப்படுகிறது. நோயாளியை ஒதுக்கி வைக்கும் கொடுமையைப் போக்குவதற்கு இஃது அவசியமுமாகும். ஆனால், இரைப்பைப் புற்றுநோயைப் பொறுத்தவரை, இதனுடன் மற்றோர் உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. புற்றுநோய் தொற்றுவதில்லை, எனினும், அது முளைப்பதற்கு ஏற்றவாறு இரைப்பையைப் பக்குவப்படுத்தும் கிருமி ஒன்று உண்டு, அக்கிருமி தொற்றக்கூடியது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, அதுவும் குடும்பத்திற்குள்ளேயே, அது தொற்றிவிடுகிறது. தொற்றிய காலத்திற்கும் புற்று தோன்றும் காலத்திற்கும் இடையே பல பத்தாண்டுகள் கழிகின்றன. இந்த நீண்ட இடைவெளியே நோயைத் தடுப்பதற்கு மனிதனுக்குக் கிடைத்துள்ள வாய்ப்பாகும்.

2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 9,68,000 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 6,60,000 பேர் அந்நோயால் உயிரிழந்தனர். தொடக்க நிலையில் பெரும்பாலும் எவ்வித அறிகுறியையும் காட்டாமல், முற்றிய பிறகே வெளிப்படுவது இதன் இயல்பு. ஆதலால் வந்தபின் செய்யும் சிகிச்சையைக் காட்டிலும் வருமுன் காப்பதே பெரும்பயன் அளிப்பதாகும்.

அமிலத்தில் வாழும் உயிர்

இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது. உணவுடன் உட்செல்லும் கிருமிகளில் மிகப்பல இவ்வமிலத்தில் மடிந்துபோகின்றன. எனவே, இரைப்பையில் எந்தக் கிருமியும் நிலைத்து வாழ இயலாது என்ற கருத்தே மருத்துவ உலகில் நெடுங்காலம் நிலவி வந்தது. வயிற்றுப்புண்ணுக்குக் கவலை, காரம், மிகையான அமிலம் ஆகியவையே காரணம் என்று கருதப்பட்டது.

1979-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவமனையில் பணியாற்றிய நோய்க்குறியியல் நிபுணர் ராபின் வாரன், நோயாளிகளின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்ட திசுத்துணுக்குகளை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவற்றுள் சிலவற்றில் வளைந்த உருவமுடைய பாக்டீரியாக்கள் காணப்பட்டன. அவை இருந்த இடங்களிலெல்லாம் இரைப்பையின் உட்சவ்வு அழற்சியுற்றிருந்ததையும் அவர் கவனித்தார். 1981-இல் இளம் மருத்துவரான பாரி மார்ஷல் அவருடன் சேர்ந்தார். இருவரும் அக்கிருமியைச் சோதனைச்சாலையில் வளர்க்க முயன்றனர். வளர்ப்புத் தட்டுகளை இரண்டு நாட்களுக்குப் பின் எறிந்துவிடுவதே அக்கால வழக்கம், முயற்சிகள் பலிக்கவில்லை. 1982-இல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட்டதால் சில தட்டுகள் வழக்கத்தைவிட அதிக நாட்கள் வெப்பப் பெட்டியிலேயே விடப்பட்டன. விடுமுறை முடிந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது. மெதுவாக வளரும் இயல்புடைய அக்கிருமிக்கு வேண்டியிருந்ததெல்லாம் கூடுதலான காலமே!

அமிலத்திலிருந்து இக்கிருமி தன்னைக் காத்துக்கொள்ளும் முறை வியப்புக்குரியது. யூரியேஸ் என்னும் நொதியை இது பெருமளவில் உண்டாக்குகிறது. இரைப்பையிலுள்ள யூரியாவை இந்நொதி சிதைத்து அம்மோனியாவை வெளிப்படுத்துகிறது. அம்மோனியா அமிலத்தை நடுநிலையாக்கும் என்பதை மாணவர்களும் அறிவர். இவ்வாறு தன்னைச் சூழ்ந்த சிறு பகுதியில் அமிலத்தின் வேகத்தைத் தணித்துக்கொண்டு, நூலிழை போன்ற வால்களின் உதவியால் நீந்திச் சென்று, இரைப்பைச் சுவரைப் போர்த்தியுள்ள சளிப்படலத்தினுள் இது புகுந்துவிடுகிறது. அங்கு அமிலத்தின் தாக்குதல் குறைவு.

1984-ஆம் ஆண்டில் மார்ஷல் இக்கிருமி வளர்க்கப்பட்ட திரவத்தைத் தாமே பருகினார். அதற்கு முன் அவருடைய இரைப்பை நலமாக இருந்தது பரிசோதனையில் தெரிந்திருந்தது. சில நாட்களில் அவருக்குக் குமட்டலும் வாந்தியும் ஏற்பட்டன. இரைப்பையின் உட்சவ்வு அழற்சியுற்றிருந்தது. 1989-இல் இக்கிருமிக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பெயர் நிலைத்தது. கிருமியைக் கண்டறிந்து, இரைப்பை அழற்சியிலும் வயிற்றுப்புண்ணிலும் அதற்குள்ள பங்கை நிறுவியமைக்காக வாரனுக்கும் மார்ஷலுக்கும் 2005-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பழைய இரத்தம் தந்த சான்று

மார்ஷலின் துணிவான சோதனை, இக்கிருமி அழற்சியை உண்டாக்கும் என்பதையே காட்டியது. புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கு அது சான்றாகாது. புற்றுநோய் தோன்றப் பல பத்தாண்டுகள் ஆகுமாதலின், அதனை இத்தகைய சோதனையால் அறிய இயலாது. நோயாளியின் இரைப்பையில் கிருமியைத் தேடுவதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. புற்று தோன்றும் நிலையில் இரைப்பை பெரிதும் சிதைந்து அமிலச் சுரப்பை இழந்திருக்கும். அந்நிலையில் கிருமியே அங்கிருந்து மறைந்துவிடுவதுண்டு. குற்றம் வெளிப்படும்போது குற்றவாளி அவ்விடத்தில் இராததைப் போன்றது இது.

இச்சிக்கலைத் தீர்க்கப் பழைய இரத்தம் உதவியது. கிருமி ஒருவரது உடலில் புகுந்தால், அதனை எதிர்க்கும் பொருள்கள் இரத்தத்தில் தோன்றுகின்றன. ஹவாய்த் தீவுகளில் 1967 முதல் 1970 வரை, ஜப்பானிய வம்சத்தவரான ஆடவர் 5,908 பேரிடமிருந்து வேறோர் ஆராய்ச்சிக்காக இரத்தம் எடுக்கப்பட்டு, உறைநிலையில் சேமிக்கப்பட்டிருந்தது. பின்னர் 1989-க்குள் அவர்களில் 109 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் கண்டது. சேமிப்பிலிருந்த அவர்களுடைய இரத்தத்தை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 94 பேரிடம் இக்கிருமியின் அடையாளம் இருந்தது. புற்றுநோய் வராத, அதே வயதினரான மற்றவர்களிடம் அது நூற்றுக்கு 76 ஆக இருந்தது. கணக்கிட்டுப் பார்க்கையில், கிருமி தொற்றியவர்களுக்கு அபாயம் ஏறத்தாழ ஆறு மடங்காக இருந்தது. இம்முடிவு 1991-இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் கலிபோர்னியாவிலும் பிரிட்டனிலும் இவ்வாறே பழைய இரத்தத்தைக் கொண்டு செய்யப்பட்ட ஆராய்ச்சிகளும் இதனை ஒத்த முடிவுகளையே தந்தன. நோய்க்குப் பல ஆண்டுகள் முன்பே கிருமி இருந்தது என்பது இவற்றால் தெளிவாயிற்று.

1994-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, இக்கிருமியை மனிதரிடம் புற்றுநோயை விளைவிக்கும் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்தது. புகையிலைப் புகையும் இவ்வகுப்பைச் சேர்ந்ததே. 1998-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் ஜெர்பில் எனப்படும் மங்கோலிய எலிகளுக்கு இக்கிருமியை மட்டும் புகட்டி வளர்த்தனர். 62 வாரங்களில் அவற்றுள் நூற்றுக்கு 37 விழுக்காட்டிற்கு இரைப்பைப் புற்று தோன்றியது.

படிப்படியாக நிகழும் மாற்றம்

கிருமி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னரே, 1975-இல், கொலம்பியா நாட்டு மருத்துவர் பெலாயோ கொர்ரேயாவும் அவருடைய சகாக்களும் இரைப்பைப் புற்றுநோய் ஒரே நாளில் தோன்றுவதன்று, படிப்படியாக உருவாவது என்று எடுத்துக்காட்டினர். அப்படிகளில் முதலாவதைத் தொடங்கி வைப்பது எது என்பதே பின்னர்த் தெரியவந்தது.

முதற்படி நாட்பட்ட அழற்சி. கிருமி புகுந்ததும் அதனை வெளியேற்ற உடல் முயல்கிறது, வெள்ளணுக்கள் திரள்கின்றன. ஆனால் சளிப்படலத்தில் குடிகொண்ட கிருமியை அவற்றால் அகற்ற இயலுவதில்லை. போர் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. வெள்ளணுக்கள் வெளியிடும் வீரியம் மிக்க பொருள்கள் இரைப்பையின் உயிரணுக்களையே தாக்குகின்றன. அழிந்த உயிரணுக்களுக்கு ஈடாகப் புதியவை இடைவிடாது பிறக்க வேண்டியிருக்கிறது. பிரதி எடுக்குந்தோறும் எழுத்துப்பிழை நேர இடமிருப்பது போல, உயிரணு பிரியுந்தோறும் அதன் மரபுப் பொருளில் பிழை நேர வாய்ப்புண்டு.

இரண்டாவது படி சுரப்பிகளின் சிதைவு. அமிலம் சுரக்கும் உயிரணுக்கள் குறைந்து உட்சவ்வு மெலிகிறது. அமிலம் குறையவே, மற்றக் கிருமிகளும் இரைப்பையில் இடம் பெறுகின்றன; உணவிலுள்ள நைட்ரேட்டிலிருந்து தீங்கான சேர்மங்கள் உண்டாகவும் வழி ஏற்படுகிறது. மூன்றாவது படியில், இரைப்பைச் சவ்வின் சில பகுதிகள் குடலின் உட்சவ்வைப் போன்று உருமாறுகின்றன. நான்காவது படியில் உயிரணுக்களின் வடிவமும் ஒழுங்கும் கெடுகின்றன. இறுதியில் அவற்றுள் சில, கட்டுப்பாடின்றிப் பெருகும் புற்றணுக்களாகின்றன.

கிருமிகளுள்ளும் வேறுபாடு உண்டு. அவற்றுள் சிலவகை, ஊசி போன்ற நுண்ணிய அமைப்பின் வழியாகக் காக்-ஏ என்னும் புரதத்தை இரைப்பையின் உயிரணுக்களினுள் செலுத்துகின்றன. இப்புரதம், வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் உள்ளமைப்பைக் குலைக்கிறது. இவ்வகைக் கிருமி தொற்றியவர்களுக்கு அபாயம் அதிகம்.

கிருமி இருந்தால் புற்றுநோய் வந்தே தீருமா?

வாராது. உலகிலுள்ள பெரியவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களின் இரைப்பையில் இக்கிருமி வாழ்கிறது. அவர்களில் மிகப்பெரும்பாலோர் எவ்விதப் பெருந்துன்பமுமின்றி வாழ்கின்றனர். வாழ்நாளில் இரைப்பைப் புற்றுநோய்க்கு ஆளாகக்கூடியவர்கள் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரையே என மதிப்பிடப்படுகிறது. உணவுக்குழாயை அடுத்த மேற்பகுதியை நீக்கி, இரைப்பையின் மற்றப் பகுதிகளில் தோன்றும் புற்றுநோய்களை எண்ணினாலோ, அவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு இக்கிருமியோடு தொடர்புடையவை. கிருமியுள்ளோரில் சிலருக்கே புற்று வருகிறது. ஆனால் புற்று வந்தோரில் பெரும்பாலோரிடம் கிருமி இருந்திருக்கிறது. இவ்விரண்டு கூற்றுகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. விதையின்றிப் பயிரில்லை, ஆனால் விதைத்தவை யாவும் விளைவதுமில்லை.

ஜப்பானில் வயிற்றுக்கோளாறுகளுக்காக மருத்துவமனைக்கு வந்த 1,526 பேரைச் சராசரியாக 7.8 ஆண்டுகள் கண்காணித்து, 2001-இல் முடிவுகளை வெளியிட்டனர். கிருமியிருந்த 1,246 பேரில் 36 பேருக்குப் புற்றுநோய் தோன்றியது. கிருமியில்லாத 280 பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கிருமியிருந்தோரிலும், முன்சிறுகுடலில் புண் இருந்தவர்களுக்கு அது தோன்றவில்லை. அழற்சி இரைப்பையின் கீழ்ப்பகுதியோடு நின்றால் அமிலம் மிகுந்து முன்சிறுகுடலில் புண் உண்டாகிறது. அது மேற்பகுதிக்கும் பரவிச் சுரப்பிகளை அழித்தால் புற்றுநோய்க்கு வழி திறக்கிறது. ஒரே கிருமி இருவேறு பாதைகளில் இட்டுச் செல்லக்கூடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

பாதையைத் தீர்மானிப்பதில் கிருமியின் வகை, பரம்பரை இயல்பு, உணவு, பழக்கவழக்கங்கள் ஆகிய யாவும் பங்கு கொள்கின்றன. உப்பு மிகுந்த உணவு, புகையூட்டிப் பதப்படுத்திய இறைச்சி, புகையிலை ஆகியவை அபாயத்தை மிகுவிக்கின்றன. பசுங்காய்களும் பழங்களும் அதனைக் குறைக்க உதவுவதாகத் தெரிகிறது.

கிருமியை அகற்றினால் பயனுண்டா?

சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில், இந்நோய் மிகுந்த லிஞ்சூ வட்டாரத்தில், 1995-இல் கிருமி தொற்றியோருக்கு இரண்டு வாரங்கள் மட்டும் மருந்து கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்குப் பிறகு கணக்கெடுத்தபோது, மருந்து பெற்றவர்களிடையே புற்றுநோய் 39 விழுக்காடு குறைந்திருந்தது. தென்கொரியாவில், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இந்நோய் வந்திருந்த 1,676 பேரிடம் நடத்தப்பட்ட ஆராய்ச்சியின் முடிவு 2020-இல் வெளியாயிற்று. கிருமியகற்றும் சிகிச்சை பெற்றோரில் 1.2 விழுக்காட்டினருக்கும், பெறாதோரில் 2.7 விழுக்காட்டினருக்கும் புற்றுநோய் தோன்றியிருந்தது. தைவானைச் சேர்ந்த மாட்சு தீவுகளில் 2004 முதல் 30 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அனைவரையும் சோதித்துச் சிகிச்சையளித்தனர். கிருமியுள்ளோர் நூற்றுக்கு 64 என்ற நிலை 15 ஆகக் குறைந்தது. புற்றுநோயும் முன்னிருந்ததில் ஏறத்தாழப் பாதியாயிற்று.

எனினும், காலம் கடந்தால் பயன் குறையும் என்பதும் புலனாகியுள்ளது. சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் 1,630 பேரிடம் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆராய்ச்சியில், மொத்தத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆயின், சுரப்பிச் சிதைவோ உருமாற்றமோ இன்னும் ஏற்படாதிருந்தவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, சிகிச்சை பெற்றோரில் எவருக்கும் புற்றுநோய் வரவில்லை. பெறாதோரில் 6 பேருக்கு வந்திருந்தது. மேற்படிகளில் ஏறுவதற்கு முன்பே கிருமியை அகற்றுவது மிகுந்த பயனளிக்கும் என்பதே இதன் பொருள். மேற்படிக்குச் சென்றுவிட்டவர்களுக்குச் சிகிச்சையுடன் தொடர்ந்த கண்காணிப்பும் வேண்டும்.

இந்தியாவின் நிலை

நம் நாட்டில் இக்கிருமி பரவலாகக் காணப்படுகிறது. பலருக்கு இளம்பருவத்திலேயே தொற்றிவிடுகிறது. ஆயினும், இந்தியாவில் இரைப்பைப் புற்றுநோய் ஜப்பானிலும் கொரியாவிலும் உள்ள அளவிற்கு இல்லை. இதற்குரிய காரணங்கள் இன்னும் ஆராயப்பட்டு வருகின்றன. நாட்டினுள்ளும் நிலைமை ஒரேவகையாக இல்லை. வடகிழக்கு மாநிலங்களில், குறிப்பாக மிசோரத்தில், இந்நோய் மிக அதிகம். புகையூட்டியும் உப்பிட்டும் உலர்த்திய இறைச்சி, பன்றிக்கொழுப்பைப் புளிக்கவைத்துச் செய்யும் ‘சாஉம்’, புகையிலைப் புகையை நீரில் செலுத்தித் தயாரிக்கும் ‘துய்பூர்’ ஆகியவற்றுக்கும் இந்நோய்க்கும் அங்குத் தொடர்பு காணப்பட்டுள்ளது. தென்னிந்தியாவில் சென்னையில் ஆடவரைப் பற்றும் முக்கியமான புற்றுநோய்களுள் இதுவும் ஒன்றாக இருந்து வருகிறது. எனவே, கிருமி எங்கும் பரவியிருப்பினும், அதனுடன் எவை சேர்கின்றன என்பது இடத்துக்கு இடம் மாறுபடுகிறது.

ஊழியர்களும் ஆசிரியர்களும் கவனிக்க வேண்டியவை

கிருமி பரவுவது வாய் வழியாகவே. வாந்தி, உமிழ்நீர், மலம் கலந்த நீர் ஆகியவை அதற்கு வாயில்களாகின்றன. நெருக்கமான வீடும், தூய நீரின்மையும், கழிப்பிட வசதிக் குறைவும் அதற்குத் துணை. அமெரிக்காவில் 1930-களில் புற்றுநோய் மரணங்களில் முதன்மையாக இருந்த இரைப்பைப் புற்றுநோய், இக்கிருமி கண்டறியப்படுவதற்கு முன்னரே பெரிதும் குறைந்துவிட்டது. தூய்மையான நீரும், சிறிய குடும்பமும், உப்பிடாமலேயே உணவைக் காக்கும் குளிர்பதனப் பெட்டியும் அதற்கு உதவியவை எனக் கருதப்படுகிறது. ஆகவே, கிராமத்தில் ஒரு குடிநீர்க் குழாயும் ஒரு கழிப்பிடமும் அமைவது புற்றுநோய்த் தடுப்புப் பணியுமாகும்.

வயிற்றில் எரிச்சல் என்றவுடன் கடையில் அமிலக்குறைப்பு மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் உட்கொள்ளும் பழக்கம் பரவியுள்ளது. இம்மாத்திரைகள் வலியைத் தணிக்கும், கிருமியை அழிப்பதில்லை. காரணமின்றி உடல் மெலிதல், பசியின்மை, சிறிது உண்டதுமே வயிறு நிறைந்துவிடுதல், விழுங்குவதில் தடை, ஓயாத வாந்தி, இரத்த வாந்தி, தார் போன்ற கரிய மலம், இரத்தசோகை ஆகியவற்றுள் ஒன்று காணினும் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இரைப்பைப் புற்றுநோய் வந்திருப்பின், அதனை மருத்துவரிடம் தவறாது கூறச் செய்ய வேண்டும்.

கிருமியை அறிய மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, எண்டாஸ்கோப்பி ஆகிய வழிகள் உள்ளன. அமிலக்குறைப்பு மருந்துகளும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் உட்கொண்டிருந்தால், கிருமி இருந்தும் இல்லை எனச் சோதனை காட்டக்கூடும். எனவே, உட்கொள்ளும் மருந்துகளை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவித்து, எவற்றை எத்தனை நாட்கள் நிறுத்த வேண்டும் என்பதைக் கேட்டறிய வேண்டும். சிகிச்சைக்கு ஒரே மருந்து போதாது. ஆன்டிபயாட்டிக் மருந்துகள் இரண்டோ அதற்கு மேலோ, அமிலக்குறைப்பு மருந்துடன் சேர்த்து, வழக்கமாகப் பதினான்கு நாட்கள் தரப்படுகின்றன. வலி நின்றதும் மருந்தையும் நிறுத்திவிட்டால் எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அஞ்சாதவையாகிவிடும். நம் நாட்டில் இவ்வாறு மருந்தை எதிர்த்து நிற்கும் கிருமிகள் ஏற்கெனவே மிகுந்துள்ளன. சிகிச்சை முடிந்து நான்கு வாரங்களுக்குப் பின் மீண்டும் சோதித்துக் கிருமி நீங்கியதை உறுதிசெய்வது முறை.

வகுப்பறையில் மாணவன் ஒருவன், “புற்றுநோய் தொற்றுமா?” என்று வினவினால், தொற்றாது என்னும் விடையே இன்றும் சரியானது. நோயாளியோடு உண்பதாலும் உறங்குவதாலும் அவருக்குப் பணிவிடை செய்வதாலும் புற்றுநோய் வருவதில்லை. அவ்விடையோடு, கைகளைக் கழுவுவதும், தூய நீரைப் பருகுவதும், வயிற்றுநோயை ஆண்டுக்கணக்கில் அலட்சியம் செய்யாதிருப்பதும் ஒரு புற்றுநோயைத் தடுக்க வல்லவை என்பதையும் அவனுக்குச் சொல்லியனுப்புதல் வேண்டும். அச்செய்தி வீட்டிலுள்ளோருக்கும் எட்டும்.